சூசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்

செத்தவர்கள் வருகிறார்கள், நிற்கிறார்கள் என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். பெருமைக்காகச் சொல்லவில்லை, என் வேலை அப்படி. நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருக்கிறேன். சர்வேயர் அளந்து கொண்டுவரும் அளவுகளை வைத்து வயல்களுக்குப் படம் போடுகிறேன். அளக்க முடியாத எதற்கும் என் மேஜையில் இடம் கிடையாது. தினமும் டைரி எழுதுகிறேன், மழை தொடங்கிய நேரம் முதல் கேஸ் சிலிண்டர் வந்த நேரம் வரை. அந்த டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன். கோடு போட்டுப் போட்டே இந்த அம்மாவின் கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக் கண் டாக்டரிடம் போனேன். கண்ணாடியின் பவர் மாறவே இல்லை.

முதலில் ஞானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் சூசை, பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அதற்கு முந்தைய வருடம் அவருக்கு ஞானம் என்ற பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரை ஓலை வாசிப்பார்கள், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று. அவர்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் அந்தப் பெண் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது.

நான் அவளைப் பார்த்ததே இல்லை. புகைப்படம்கூடப் பார்த்ததில்லை, அவரிடம் இருந்த ஒன்றையும் அவளுடைய சவப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்களாம். செத்துப்போனவள் மேல் என்ன பொறாமை என்று என் அம்மா கேட்டிருக்கிறாள். உயிரோடு இருப்பவள் என்றால் ஒருநாள் குண்டாவாள், சண்டை போடுவாள், குழம்பில் உப்பைக் கொட்டுவாள். இவள் எதுவும் செய்யமாட்டாள். இருபத்து மூன்று வயதிலேயே நிற்பாள். அவரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பேசாத மனிதரிடம் என்ன சொல்ல முடியும்?

இப்போது அந்த மால். தேனியில் புதிதாகத் திறந்தது. மற்ற மால் மாதிரி இல்லை, கடைகளுக்கு நடுவே ஓவியங்களும் சிற்பங்களும் வைத்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் எல்லோரும் போய்வந்துவிட்டார்கள், நான்தான் பாக்கி. ஒரு சனிக்கிழமை மதியம் இவரை இழுத்துக்கொண்டு போனேன். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் செய்திருக்கிறார்கள். துணிக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஆளுயர ஓவியம் ஒன்று. எஸ்கலேட்டர் ஓரச் சுவர் முழுக்கத் திராட்சைப் பந்தல் வரைந்து, கொத்துகளை மட்டும் பித்தளையில் அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் எஸ்டேட் ஜீப் ஒன்றின் தகடுகளை வெட்டி ஒட்டிச் செய்த யானை.

“யானை எதுக்கு? ஜீப்பாவே விட்டிருந்தா கம்பம்மெட்டுக்காவது ஏறிருக்கும்” என்றார் இவர். பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மேல்மாடியில் சாப்பாட்டுக்கூடம். அதன் ஒரு மூலையில் ‘சாப்பிட்டு முடிப்பதற்குள் உங்கள் படம்’ என்று பலகை வைத்து ஓர் ஓவியர் உட்கார்ந்திருந்தாள். பெயர் நிவேதா, முப்பது வயதிருக்கும், சின்னமனூர்க்காரி. எதிரே ஒரு சோபாவும் மேஜையும். அங்கே உட்கார்ந்து நாம் சாப்பிட்டுக்கொண்டே இருக்கலாம், அவள் கரிக்கோலால் வரைந்து கொடுப்பாள். எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது. நானும் அவரும் மட்டும் இருக்கிற படம் என்று எங்கள் வீட்டில் கல்யாணப் போட்டோ ஒன்றுதான். அதிலும் அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

“நமக்கெதுக்கு இந்த வயசுல?” என்றார்.

“உக்காருங்கங்கிறேன்ல.”

உட்கார்ந்தார். நான் அவருக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். பரோட்டா வந்தது, கூடவே கத்தியும் முள்கரண்டியும்.

“பரோட்டாவ அறுத்துத் திங்கச் சொல்றாக பாரு. இது என்ன ஆப்பரேசனா?”

நிவேதா சிரித்துவிட்டு, “ஆடாம இருக்கணும்னு இல்ல சார். சாப்பிடுங்க, பேசுங்க. ஆன்ட்டி, நீங்களும் சாருகூட சும்மா பேசிக்கிட்டிருங்க” என்றாள்.

“அவ பேசுனா விசாரணை மாதிரி இருக்கும்மா. பேசாம இருக்கட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. நேராக நிவேதாவைப் பார்த்து உட்கார்ந்தேன். மூன்று நாற்பதுக்குத் தொடங்கி நான்கு இருபத்தைந்துக்கு முடித்தாள். இந்த நாற்பத்தைந்து நிமிடமும் நான் இடத்தைவிட்டு எழவில்லை. கை கழுவக்கூடப் போகவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

தாளைத் திருப்பிக் காட்டினாள்.

இவர் அப்படியே இருந்தார். புருவத்தில் விசில் கயிறு அறுத்த பழைய தழும்புகூட விடவில்லை. பக்கத்தில் என்னுடைய சுங்குடிப் புடவை இருந்தது, கரையில் மூன்று கோடு, சரியாக மூன்று. புடவைக்குள் இருந்தது நான் இல்லை.

நம்பச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, பார்த்ததை எழுதுகிறேன். அகன்ற நெற்றி. கண்ணாடி கிடையாது. முன்பல் ஒன்று மற்றதன் மேல் லேசாக ஏறியிருந்தது. நெற்றியோரத்தில் நரைத்த சுருள் ஒன்று. என் வயதுதான் இருக்கும். முகத்தை முழுக்க அவர் பக்கம் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவரைப் பார்த்து அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

“ஏம்மா, இது யாரு?”

“நீங்கதான் ஆன்ட்டி” என்று விரலில் ஒட்டிய கரியைத் துடைத்தபடியே சொன்னாள். பிறகு தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துடைத்த கை நின்றுவிட்டது. “இல்ல... நான் பாத்ததத்தான் வரைஞ்சேன். பாக்காம எதுவும் வரையல ஆன்ட்டி.”

இவர் கையில் பரோட்டாத் துண்டோடு படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, அந்தத் தாளிடமே சொல்வதுபோல் ஒரு வார்த்தை சொன்னார்.

“நரைச்சுப்போச்சே.”

என் தலையில் நரை தெரியாது. மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் சாயம் போட்டுக்கொள்கிறேன். அவர் யாரைச் சொன்னார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடம் அவள் இருபத்து மூன்றிலேயே நிற்கிறாள் என்று நினைத்துத்தான் வெந்துகொண்டிருந்தேன். நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் நிற்கவில்லை, அவரோடு கூடவே வயதாகியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “அது அவதான?”

“யாரு?”

“நரைச்சுப்போச்சேன்னு சொன்னீகளே.”

“நான் ஒண்ணும் சொல்லலியே.” செருப்பைக் கழற்றியவர் அதை ஓரமாக வைக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். “எனக்கு அவ மூஞ்சியே மறந்துபோச்சு ஜெசி. நம்ம கலியாணமாகி ரெண்டு வருசத்துலயே மறந்துபோச்சு. எம்புட்டு நெனச்சாலும் வரல.”

“அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ சந்தோசப்பட்ருவியோன்னுதான் சொல்லல.”

சந்தோஷப்பட்டுத்தான் இருப்பேன், பொய் சொல்வானேன். இருபத்தோரு வருடமாக அவருக்கு மறந்துபோயிருந்த முகத்தை, அந்தச் சோபாவில் பிடித்து உட்காரவைத்து நானே அவர் கையில் கொடுத்துவிட்டேன். நல்லாத்தான் வரைஞ்சிருக்கு, சுருட்டி வை என்று சொல்லிவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் படத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துக் கிழிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கை படத்தில் அளவெடுக்கும் டிவைடரைத்தான் எடுத்தது, பழக்கதோஷம். மேஜையின் நீளம், சோபாவின் உயரம், தண்ணீர் பாட்டில், தூண்கள் என்று ஒவ்வொன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளந்தேன். அந்தப் பெண் கெட்டிக்காரி, எதிலும் பிசகில்லை. அவர் தோளுக்கும் பக்கத்தில் இருந்தவள் தோளுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பொருந்தவில்லை. நான் அவரைவிடக் கட்டை. இவள் கிட்டத்தட்ட அவர் உயரம். என்னை வரைந்து முகத்தை மட்டும் மாற்றியிருந்தால் தோள் இப்படி ஏறியிருக்காது.

அளக்கும்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். பின்னால், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்தாற்போல் ஒரு சின்ன உருவம். கட்டைவிரல் நகத்தளவுதான். இடத்தோளில் கைப்பை, மூக்கில் கண்ணாடி. சோபாவில் இருக்கும் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அது நான்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. படத்தில் ஒரு மூலை பொருந்தவில்லை என்றால், உட்கார்ந்த இடத்தில் கோட்டை இழுத்துப் பொருத்திவிடக் கூடாது, மறுபடி வயலுக்கே போய் அளக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை அவரிடம் சொல்லாமல் நான் மட்டும் மாலுக்குப் போனேன். நிவேதா என்னைப் பார்த்ததுமே கரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

“நீங்க வருவீகன்னு தெரியும் ஆன்ட்டி. ஒரு வாரமா எனக்கும் சோறு எறங்கல.”

“பின்னால நிக்கிற மாதிரி ஒருத்தர வரைஞ்சிருக்கியே, அது யாரு?”

“அவுகதான் வரையச் சொன்னாக.”

“எவுக?”

“சாருக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவுக.” அவள் குரல் இறங்கிவிட்டது. “முடிக்கப்போற நேரத்துல, ‘அங்கன தூணுகிட்ட ஒருத்தர் நிக்கிறாகல்ல, அவுகளையும் சேத்துரும்மா, பாவம், ரொம்ப நேரமா நிக்கிறாக’ன்னு சொன்னாக. நானும் திரும்பிப் பாத்தேன். நீங்க நின்னுக்கிட்டுதான் இருந்தீக. அப்ப எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல ஆன்ட்டி. தாளத் திருப்பிக் காட்டுனப்புறம்தான் நீங்க சோபாவுல இருந்தீக.”

“அவுக வேற எதுவும் சொன்னாகளா?”

“இல்ல. ஆனா அத கேலியாச் சொல்லல. நெசமாவே உங்களுக்காகத்தான் சொன்னாக.”

எஸ்கலேட்டரில் இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கேலி செய்திருந்தால் எனக்குத் தெம்பு வந்திருக்கும். இத்தனை வருடம் நான் அவளைத் திட்டாத நாள் குறைவு. அவளோ என்னைப் பார்த்ததும் இரக்கப்பட்டிருக்கிறாள். வெளியே நிற்கிறவளைப் பார்த்து உள்ளே இருக்கிறவள் பாவம் என்பாளே, அந்த இரக்கம்.

படத்தை நான் கிழிக்கவில்லை. அலுவலகத்தில் வரைபடம் வைக்கிற பழைய குழாய் ஒன்றில் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவர் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. போன மாதம் கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக இருவரும் பஸ் ஏறினோம். மூன்று பேர் உட்காரும் இருக்கை காலியாக இருந்தது. எப்போதும் ஜன்னலோரத்துக்கு என்னோடு மல்லுக்கட்டுகிற மனிதர், பேசாமல் நடுவில் உட்கார்ந்தார்.

“தள்ளி உக்காருங்க, ஜன்னல் காலியாத்தான இருக்கு?”

“எங்கன உக்காந்தா என்ன?” என்றார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும், குரலில் அப்படி எதுவும் இல்லை.

வீரபாண்டியில் கூட்டம் ஏறியது. சின்னமனூரில் இன்னும் ஏறியது. கையில் பிள்ளையோடு ஒரு பெண் என் தோளை இடித்துக்கொண்டு நின்றாள். உத்தமபாளையம் தாண்டியும் ஒருவர்கூட, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், அந்த ஜன்னலோரம் இருக்கிறதே என்று கேட்கவில்லை. இவர் வெளியே வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார், அல்லது அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் இருக்கையின் விளிம்பில் பாதி உடம்பு வெளியே தொங்க, முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு கம்பம் வரை போய்ச் சேர்ந்தேன்.