நாங்கள் அழித்த பக்கம்

நான் எழுதியவற்றிலேயே உருப்படியானது எது என்று யாராவது கேட்டால், ஓர் ஒப்பந்தத்தின் பதினான்காவது பிரிவு என்பேன். பெருமையடித்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அமெரிக்காவின் எடிசன் நகரில் பம்புகளைப் பொருத்திப் பராமரிக்கும் சின்னக் கம்பெனி என்னுடையது. பழைய மேனேஜரிடம் சூடாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, வேலையை உதறிவிட்டு ஆரம்பித்தது. நியூஜெர்சியின் ஒரு பால் பதனிடும் நிறுவனம் தன் ஆலைகள் எல்லாவற்றுக்கும் புதுப் பம்புகள் கேட்டது. தனியாகத் தாங்க முடியாத வேலை என்பதால் மூன்று கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்தோம். பம்பு செய்து அனுப்புவது கோயம்புத்தூரில் பம்புத் தொழிற்சாலை வைத்திருக்கும் (அவர் பேச்சில் அது மில்), நான் அண்ணா என்று கூப்பிடும் ஒருவர். அதை இயக்கும் மென்பொருள், டெக்சஸ் பக்கம் பிளானோவில் இருக்கும் என் கல்லூரி ஜூனியர் பையனுடையது. பொருத்துவது நான். அவரவர் கம்பெனி அவரவருக்கே. ஆனால் வாங்குகிறவர்களுக்கு மூவரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். இந்த வேலை கைநழுவினால் கடையைக் கட்டிவிட்டு அதே மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

இரண்டு நாட்டுக் கம்பெனிகள் சேர்ந்தால் எந்த ஊர்ச் சட்டம், வழக்கு எங்கே, யார் கையெழுத்து செல்லும் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். எழுதினோம், ஒரு பக்கத்தைத் தவிர. எங்கள் வக்கீல் தந்த மாதிரியில் ஒருவர் விலகினால், நொடித்துப்போனால், இறந்துபோனால் என்று அந்தப் பக்கம் முழுக்க நீண்டது.

“ஏனுங்க அம்மிணி, நல்ல காரியம் தொடங்கறப்பவே சாவு, பிரிவுன்னு எழுதுவாங்களா?” என்றார் அண்ணன்.

“அண்ணா சொல்றது கரெக்ட்க்கா. அந்தப் பேஜை டெலீட் பண்ணிடலாம்” என்றான் ஜூனியர்.

நானாவது யோசித்திருக்கலாம். ஆனால் முகூர்த்த நாள் பார்த்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கையெழுத்துப் போடப்போகிற தாளில் அந்த வார்த்தைகள் எனக்கும் பிடிக்கவில்லை. வக்கீல் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நானே அழித்தேன்.

கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள், எங்கள் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் பால் நிறுவனத்தின் வக்கீல் போன் செய்தார். குரலை உயர்த்தாத அமெரிக்கப் பெண்மணி. உங்களில் ஒருவர் இல்லாமல் போனால் எங்கள் பம்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் வராவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வோம் என்றார்.

அழித்த பக்கத்தைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். “முடியாதுங்க. சட்டம் உங்க ஊருதா இருக்கலாம், ஆனா கையெழுத்து என்றதுங்க, சாவுன்னு எழுதுன தாளுல போட மாட்டேன்” என்றார்.

“அப்ப எம் பொழப்பு போகட்டுங்களா?” என்று கத்தியேவிட்டேன்.

அவர், “மில்லுக்குப் போயிட்டு வந்தர்றேனுங்க” என்று போனை வைத்துவிட்டார்.

அவ்வளவு கோபத்திலும் மனுஷர் போகிறேன் என்று சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. விடைபெறும்போதே திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்கிறவர்களுக்கு, ஒப்பந்தத்தில் ஏன் வெளியேறும் கதவை மட்டும் வைக்க வேண்டும்? உடனே உட்கார்ந்து பதினான்காவது பிரிவை எழுதினேன். விலகுகிறவர் கையில் இருக்கும் வேலையை முடித்து, வரைபடங்களை ஒப்படைக்க வேண்டும். அவர் இல்லாத காலத்தில் பம்புகளுக்கு மற்ற இருவர் பொறுப்பு. ஓராண்டுக்குள் திரும்பி வர நினைத்தால் அந்த இடம் முதலில் அவருக்குத்தான். இறந்துபோனால், அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வாரிசு அவர் கம்பெனி சார்பில் கூட்டில் உட்காரலாம். வேலை பிடிபடும்வரை மற்றவர்கள் துணை நிற்க வேண்டும். எங்கள் வக்கீல் இரண்டே சொற்களை மாற்றினார்.

மறுநாள் காலை, அங்கே சாயங்காலம், வீடியோவில் அண்ணனுக்கு அதை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, வாரிசு வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

“வாரிசுன்னா மகளும் சேர்த்திங்களா?”

“நீங்க யாரை எழுதறீங்களோ அவங்கதாங்கண்ணா.”

“பொட்டப்புள்ளைக்கு மில்லுல என்ன வேலைன்னு என்ற அண்ணன் பசங்க இப்பவே பேசறாங்க. எனக்கப்புறம் வந்து அவளை எந்திரின்னு சொன்னா?”

“மில்லு சொத்துக்கு நீங்க அங்க தனியா எழுதணுங்க. ஆனா இந்தக் கூட்டுல அவளை யாரும் எந்திரின்னு சொல்ல முடியாதுங்கண்ணா.”

தனக்குப் பிறகு மகள் நிலை என்ன ஆகும் என்றுதான் அவர் பயந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. முதல் நாளே கேட்காமல் கத்தினேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

“அப்ப அவ பேரை எழுதுங்க அம்மிணி. பெருசா எழுதுங்க” என்றார்.

மூவரும் ஒப்புக்கொண்டு அனுப்பியதைப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் அந்த அமெரிக்க வக்கீல் அழைத்தார். ஒப்பந்தம் உறுதி என்றார். போனவர் திரும்பி வருவதற்கு இடம் வைத்த பிரிவைத் தான் எங்கும் பார்த்ததில்லை, மற்ற ஒப்பந்தங்களிலும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

வாரிசின் சம்மதக் கையெழுத்தும் தேவைப்பட்டது. எங்கள் மூவர் பெயருக்கும் கீழே அண்ணன் மகள் போட்டாள். அண்ணன் தாளைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, “என்றத விட அவ கையெழுத்துதானுங்க திருத்தமா இருக்குது” என்றார். நான் அழுதேன். ஜெயித்த அழுகைதான். ஆபீஸில் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.