வேப்பமரத்தில் கட்டிய விமானம்

பிள்ளைகளே, நான் ஒருவர் சட்டையைப் பிடித்தது ஒரே ஒரு முறைதான்.

எண்பதுகளின் கடைசியில், இரும்புலியூரில் இருந்த என் மனைவியின் தம்பி, பழங்காலத்து இரட்டை இறக்கை விமானம் ஒன்றை மரத்தாலும் துணியாலும் தானே செய்தான். அதன் மூக்கில் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தினான். வற்றிய ஏரியில் அதைப் பறக்கவிட ஏறி உட்கார்ந்ததும் ஊரே விசிலடித்தது.

"முதல்ல வாலைக் கட்டிப்போட்டு, ஃபுல் வேகத்துல ஓட்டிப் பாருடா!" என்றேன்.

"தினமும் பைக்குல ஓடின எஞ்சின்தானே மாமா?"

"பைக் நின்னா காலை ஊணிக்கலாம். மேல நின்னா எதை ஊணுவே?"

ஆத்திரம் தாங்காமல் சட்டையைப் பிடித்து இறக்கினேன். விமானத்தின் வாலைக் கரையோர வேப்பமரத்தில் கயிற்றால் கட்டினேன்.

"இன்னா சார், ஏரோபிளேனா, எருமமாடா? மரத்துல கட்டிகினு கீறீங்க!" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சினை முழுவேகத்தில் முடுக்கினான். கொஞ்ச நேரத்தில் அது புகை கக்கி, இறுகி, நின்றே போனது.

கைதட்டுகிறவர்கள் நம் பக்கம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். விசிலடித்தவர்களில் ஒருவர்கூட விமானத்தைத் தள்ள வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் இருவர் மட்டுமே வீடுவரை தள்ளினோம். "மானத்தை வாங்கிட்டீங்க மாமா" என்று வழியெல்லாம் முறைத்தான்.

முறைக்கட்டும். முறைக்க அவன் இருந்தானே, எனக்கு அது போதும்.