பொண்ணு வண்டி பின்னால போவாது

லிடியா தன் காரை எங்கே நிறுத்தினாலும் அதன் மூக்கு ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கும். மளிகைக் கடையோ மருந்துக் கடையோ, நேராக வாசலுக்கு வண்டியை விடுகிற வழக்கமே கிடையாது. தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து, அகலமாக வளைத்து, கிளம்பத் தயாராக நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார். கள்ளக்குறிச்சியில் எந்தப் பெட்ரோல் பங்கில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறலாம், எந்த மண்டபத்துக்கு இரண்டு கேட், எந்தச் சந்து முட்டுச்சந்து என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். திரும்புவதற்காக மட்டும் பங்குக்குள் நுழைந்தால் மரியாதையாக இருக்காதே என்று ஒவ்வொரு தடவையும் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் வேறு போடுவார். ஒரே கேட் இருக்கிற சர்ச் என்பதால் பக்கத்துத் தெரு சர்ச்சை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே இருக்கிற சர்ச்சில் போய்ப் பூசை காண்கிறார். "சாமி எல்லா எடத்துலயும் ஒண்ணுதான். காம்பவுண்டுதான் வேற வேற" என்பார்.

அந்தக் காருக்கு ரிவர்ஸ் கிடையாது. போன ஆவணி வரைக்கும் இந்த விஷயம் லிடியாவுக்கும் அவர் கணவர் மார்ட்டினுக்கும் சேலத்து மெக்கானிக் ஒருவருக்கும் மட்டுமே தெரியும்.

லிடியாவுக்கு நாற்பத்தாறு வயது. கச்சிராயபாளையம் ரோட்டில் அழகு நிலையம் வைத்திருக்கிறார். கல்யாணப் பெண் அலங்காரம்தான் பெரிய வருமானம். அலங்காரத்துக்கு அவரிடம் சொல்லிவிட்டால், பெண்ணை வீட்டிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துப்போக வெளிநாட்டுக் கார் இலவசம். சந்தன வெள்ளை நிறம், சோபா மாதிரி சீட்டு, பட்டனைத் தட்டினால் திறக்கிற கண்ணாடிக் கூரை. சென்னை டாக்டர் ஒருவரிடம் தொடங்கி நாலு கை மாறி வந்த வண்டி. பெண்ணின் அத்தைகள் ஏறியதும் முதலில் சீட்டைத்தான் தடவிப் பார்ப்பார்கள். இந்தக் காருக்காகவே தியாகதுருகத்திலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் லிடியாவைத் தேடி வருகிறார்கள். கூந்தலை அவரைவிட நன்றாக முடிகிற ஆள் ஊரில் இரண்டு பேர் உண்டு, கார்தான் இல்லை.

ரிவர்ஸ் போன கதையைக் கேட்டால் மார்ட்டின் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரும்பு வெட்டு நேரத்தில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கார் நின்றுவிட்டது. மார்ட்டின் சர்க்கரை ஆலையில் எடை போடுகிற வேலை பார்க்கிறவர். அவருக்குத் தெரியாத கரும்பு டிராக்டர் உண்டா? ஆதிமூலம் என்கிற விவசாயி டிப்பரைக் கழற்றிவிட்டு வந்தார். கயிற்றைக் கட்டினார்கள். எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத முடிச்சு. இன்ஜின் அணைந்திருக்க, நாலு சக்கரமும் தரையில் உருள, சங்கராபுரம் வழியாகக் கள்ளக்குறிச்சி வரைக்கும் ஜம்மென்று இழுத்து வந்து சேர்த்தார்கள். வழியில் இரண்டு இடத்தில் டீ.

சேலத்து மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்து சிரித்தார். "ஏங்க, ஆட்டோமேட்டிக் வண்டிய யாருங்க டிராக்டர்ல கட்டி இழுப்பாங்க? இன்ஜின் ஓடுனாத்தான் கியர் பாக்ஸுக்குள்ள எண்ணெய் சுத்தும். வறண்டுபோய் இத்தன தூரம் உருண்டா பிளேட்டெல்லாம் கருகாம என்ன செய்யும்? முன்னால போறதுக்கான பிளேட்டு தப்பிச்சிருக்கு. ரிவர்ஸ் போயிடுச்சு. ஒண்ணு தெரியுமாங்க, நடுரோட்டுல நின்னதுக்குக் காரணம் பேட்டரி ஒயரு. சும்மா லூசா இருந்துச்சு." கியர் பாக்ஸைப் பிரித்துச் செய்ய அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய கார் வரும். லிடியா கணவரைப் பார்த்தார். மார்ட்டின் பேட்டரியைப் பார்த்தார்.

"விடுங்க. முன்னால போவுதுல்ல? அது போதும்" என்று லிடியா வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முன்னால் போவதிலும் சில பிடிவாதங்கள் உண்டு. ஏற்றத்தில் சூடு ஜாஸ்தியானால் கியர் மூன்றாவதில் பிடித்துக்கொண்டு மாறவே மாறாது. அப்போது ஓரங்கட்டி, மார்ட்டின் குதித்திறங்கி டயருக்குக் கல் கொடுக்க, பத்து நிமிஷம் அணைத்துப் போட்டால் மறுபடி ஒழுங்காக ஓடும். "கோவத்துல இருக்கிற மாமியா மாதிரி. கொஞ்ச நேரம் பேசாம வுட்டுட்டா சரியாயிடும்" என்பது லிடியாவின் வைத்தியம். டாஷ்போர்டில் எப்போதும் எரிகிற மஞ்சள் எச்சரிக்கை விளக்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறார். மெரூன் கலர், நடுவில் கல் வைத்தது.

இனி, பொண்ணு வண்டி பின்னால போவாது என்கிற வழக்கம் பிறந்த கதைக்கு வருவோம். ரிவர்ஸ் போன பிறகு வந்த முதல் கல்யாணம் தியாகதுருகத்தில். குறுகலான தெரு. பெண் ஏறி உட்கார்ந்தாயிற்று. எதிரே ஒரு தண்ணீர் லாரி. பெண்ணின் தாய்மாமன் ஜன்னலில் குனிந்து, "யக்கா, கொஞ்சம் பின்னால எடு" என்றார். லிடியாவின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது.

"பொண்ணு ஏறின வண்டி பின்னால போவக்கூடாதுங்க. அவ வாழ்க்கை முன்னாலதான போவணும்?"

தாய்மாமனுக்குச் சுரீரென்றது. இவ்வளவு பெரிய விஷயம் தனக்குத் தெரியாமல் போயிற்றே! அடுத்த நிமிஷம் தண்ணீர் லாரிக்காரர் செத்தார். தெருவே கூடித் திட்டி அவரைப் பின்னால் அனுப்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மார்ட்டின் சிரிப்பை அடக்க முடியாமல் இருமு இருமென்று இருமி, கடைசியில் யாரோ அவருக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் லிடியா ஒன்றும் செய்யவில்லை. ஊர் பார்த்துக்கொண்டது. ஆறு மாதத்தில் ஐயரும் சொன்னார், சர்ச் கோவில்பிள்ளையும் சொன்னார். சின்னசேலத்தில் நல்ல புதுக் காரில் வந்த கால் டாக்ஸி டிரைவர் ஒருவர் பெண்ணை வைத்துக்கொண்டு நாலடி ரிவர்ஸ் எடுத்ததற்குப் பாதி வாடகை போச்சு. தலை நரைத்த பெரியவர்கள், "எங்க தாத்தா காலத்துலருந்தே இதான் மொற" என்று அடித்துச் சொன்னார்கள். அவர்கள் தாத்தா காலத்தில் ஊரில் காரே கிடையாது. ஒரு மாப்பிள்ளையின் அப்பா, மண்டபத்து வாசலைப் பத்தடி தாண்டிவிட்ட காரைப் பின்னால் எடுக்க விடாமல், பைபாஸ் வரைக்கும் போய்ச் சுற்றி வரச் செய்தார். நாதஸ்வரக்காரர்கள் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இந்தக் கதையை லிடியாவிடம் ஒருத்தி வந்து சொன்னபோது அவர் அவளுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார். "அப்பிடியா!" என்றாராம். அவ்வளவுதான்.

வழக்கம் மலையும் ஏறியது. போன ஆவணியில் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணப் பெண். பெயர் அபிநயா, நர்ஸ் வேலை பார்க்கிறவள். கள்ளக்குறிச்சி மண்டபத்தில் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். லிடியாவும் மார்ட்டினும் முதல் நாளே காரோடு மேலே போய், வழியில் மூன்று தடவை மாமியாரைச் சமாதானப்படுத்தி, விடியற்காலையில் பெண்ணை அலங்கரித்து, ஏழு மணிக்குக் கீழே கிளம்பினார்கள். உறவினர்கள் ஏறிய வேன் முன்னாலேயே போய்விட்டது. காரில் பெண்ணும் அவள் அம்மா பச்சையம்மாளும். பச்சையம்மாள் கூரைக் கண்ணாடி வழியாக மரங்கள் ஓடுவதைப் பார்த்து, "யம்மாடி, யம்மாடி" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒரு வளைவில், மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி ஒரு பஸ் வந்து நின்றது.

ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் முந்தின நாள் மழையில் மண் சரிந்து, ரோட்டின் ஓரம் கடித்துவிட்ட முறுக்கு மாதிரி இருந்தது. அதற்குக் கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காருக்குப் பின்னால் முப்பதடியில் ஒதுங்க நல்ல இடமும் இருந்தது. பஸ் டிரைவர் வெங்கடேசன் ஹாரன் அடித்து, கையைப் பின்னால் ஆட்டினார்.

லிடியா சாமியை வேண்டிக்கொண்டு லீவரை ரிவர்ஸில் போட்டு மிதித்துப் பார்த்தார். இன்ஜின் ஓவென்று கத்தியது. கார் அசையவில்லை. மார்ட்டின் வழக்கம்போலக் குதித்திறங்கி முன் டயருக்குக் கல் கொடுத்தார்.

அதற்குள் பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்துவிட்டன. "பொண்ணு வண்டிடோய்!" என்றது ஒரு குரல். "பொண்ணு வண்டி பின்னால போவாது. டிரைவரண்ணே, நீங்க எடுங்க!"

வெங்கடேசன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வளைவு, சரிவு, ஓரத்தில் ஈர மண். நாற்பது பேரோடு அறுபதடி பின்னாலேயே இறங்க வேண்டும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரில் கை வைப்பதை லிடியா பார்த்தார். தன் வாயிலிருந்து சும்மா வந்த ஒரு பேச்சுக்கு நாற்பது உயிர் பள்ளத்து ஓரத்தில் போவதா? தொழில் போனால் போகட்டும், காரின் பேர் நாறினால் நாறட்டும் என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

"அண்ணே, எடுக்காதீங்க! வழக்கம்லாம் ஒண்ணும் இல்ல. நான் கட்டிவுட்டதுங்க. என் கார்ல ரிவர்ஸே கெடையாது. கியர் பாக்ஸ் போயிட்ச்சி. எல்லாரும் எறங்கி என் வண்டியப் பின்னால தள்ளுங்க, புண்ணியமாப் போவும்!"

பஸ்ஸே சிரித்தது.

"அக்காவுக்கு நல்ல மனசு. நமக்காகப் பொய் சொல்லுது!"

"இம்மாம் பெரிய கார்ல ரிவர்ஸ் இல்லியாம். யார்கிட்ட?"

"சத்தியமாங்க! பைபிள் மேல அடிக்கிறன்!" என்றார் லிடியா. கணவர் பக்கம் திரும்பி, "இன்னாங்க, சொல்லுங்களேன்!" என்றார்.

"ஆமாங்க. நான்தான் டிராக்டர்ல கட்டி இழுத்தேன்" என்றார் மார்ட்டின். சிரிப்பு இரண்டு மடங்கானது.

லிடியா கடைசியாகப் பச்சையம்மாளிடம் போனார். "யக்கா, நீயாச்சும் நம்பு. பொண்ண எறக்கிட்டு வண்டியத் தள்ளிடலாம்."

பச்சையம்மாள் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஏறினவ எறங்கக்கூடாது. வண்டியும் பின்னால போவக்கூடாது. நீதான எல்லா பொண்ணுக்கும் சொன்ன, என் பொண்ணுக்கு மட்டும் மாத்துவியா?"

லிடியா புறங்கையால் கண்ணைத் துடைத்தார். அபிநயா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அல்லவா, பொய் வலிக்கும் நிஜ வலிக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். "யக்கா, மையி கலையுது. அழுவாத" என்றாள்.

வெங்கடேசன் இறங்கி வந்தார். காரை ஒரு தடவை பார்த்தார், லிடியாவை ஒரு தடவை பார்த்தார். "நீ சொல்றது நெசம்தாம்மா. இஞ்சினு கத்துனப்பவே எனக்குப் புரிஞ்சிட்ச்சி" என்றார் தாழ்ந்த குரலில்.

"அப்பறம் அவங்ககிட்ட சொல்லுங்கண்ணே!"

"நாப்பது பேரு சொல்றாங்க. நான் ஒருத்தன் இன்னா பண்றது? நீ வந்து சொன்னதுல ஒரு நல்லது. ஆளுங்கள எறக்கிட்டு காலி வண்டியாவே பின்னால எடுத்துடறன்."

எல்லோரும் இறங்கினார்கள். இறங்கியவர்கள் சும்மா நிற்பார்களா? காரைச் சூழ்ந்துகொண்டு பெண்ணைப் பார்த்து, நகையைப் பார்த்து, சந்தைக்குப் போய்வந்த பையிலிருந்து வெற்றிலையும் வாழைப்பழமும் எடுத்து அவள் மடியில் போட்டார்கள். கண்டக்டர் பின்னால் நின்று விசில் ஊத, காலி பஸ் ஒவ்வோர் அடியாக இறங்கியது. நடுவில் ஒரு தடவை பின் டயருக்கடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்து கல் ஒன்று பள்ளத்தில் உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் கேட்க நேரமாயிற்று. எல்லோர் சிரிப்பும் நின்றது. லிடியா மார்ட்டினின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். விசில் நிற்கவில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது பஸ் அகலமான இடத்தில் பாறையோடு ஒட்டி நின்றிருந்தது. நாற்பது பேரும் கை தட்டினார்கள்.

மணி எட்டேகால். கார் மெல்ல இறங்கி பஸ்ஸைத் தாண்டியது. கொஞ்சம் தள்ளிச் சமதளம் வந்ததும் லிடியா நிறுத்தினார். "நேரமாவுது லிடியா" என்று மார்ட்டின் கத்தினார். லிடியா காதில் வாங்கவில்லை. பானெட்டின் மேல் கட்டியிருந்த ரோஜா, சம்பங்கி மாலையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறி, தன் காருக்காகப் பின்னால் போன அந்த பஸ்ஸுக்கு நடந்தார். முன் கண்ணாடிக்குக் கீழே பம்பரில் கால் வைத்து ஏறி நின்றார். வைப்பரில் மாலையைச் சுற்றி, தன் கொண்டையிலிருந்து ஹேர்பின் ஒன்றை உருவிப் பல்லால் கடித்துப் பிரித்துக் குத்தினார். இன்னொன்றும் குத்தினார். பிறகு கல்யாணப் பெண்ணின் பூவைச் சரிபார்ப்பதுபோல, விழாது என்று தெரியும்வரை, மெல்ல இழுத்துப் பார்த்தார்.