ரத்தத்தில் ஏற்றிய சோறு

அந்த வெள்ளைப் பையை முதலில் பார்த்தபோது எழுந்து கட்டில் பக்கம் ஓடினேன். டயாலிசிஸ் மெஷின் பக்கத்துக் கம்பியில் நர்ஸ் அதை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பால் மாதிரி ஏதோ தளும்பியது.

"இன்னாம்மா இது, பாலைப் போயி ரத்தத்துல ஏத்துற?" என்று கத்திவிட்டேன்.

"பால் இல்லண்ணா, சாப்பாடு. புரதம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கலந்தது. அக்காவால வாயால சாப்பிட முடியல இல்ல, அதான் நேரா ரத்தத்துல."

அக்கா என்றது என் மனைவியை. போர்வைக்கு அடியில் ஒரு ஆள் படுத்திருக்கிறதே தெரியவில்லை, அப்படி வற்றிப் போயிருந்தாள். இந்தப் பையும் கைகொடுக்கவில்லை என்றால் இனிமேல் டயாலிசிஸையே அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அவளிடம் நான் சொல்லவில்லை.

நான் கும்மிடிப்பூண்டியில் கம்பி மில்லில் உலைப் பக்கம் வேலை பார்த்தவன். அங்கே போர்டில் எழுதியிருக்கிறதில் ஒரு வரியை மறந்தால் கை போய்விடும். அந்தப் புத்தியோடுதான் வீட்டிலும் இருந்தேன். அவளுக்குக் கிட்னி கெட ஆரம்பித்த புதிதில் திருவள்ளூரில் ஒரு டாக்டர் பத்தியத் தாள் கொடுத்தார். பருப்பைக் குறை, முட்டையைக் குறை, மீன், கறியைக் குறை. குறை என்றதை நான் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு, தாளைச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

மறு வருஷம் டயாலிசிஸ் ஆரம்பமானது. வாரத்தில் இரண்டு நாள் லோக்கல் ரயிலில் சென்னைக்கு. டாக்டர் மாறினார், ஆஸ்பத்திரி மாறியது, சுவரில் தாள் மட்டும் மாறவில்லை. புது இடத்தில் வேறு தாள் கொடுத்தார்களா, கொடுத்ததை நான்தான் தொலைத்தேனா, சத்தியமாக ஞாபகம் இல்லை.

ஒருநாள் பழவேற்காட்டிலிருந்து மீன்கூடை கொண்டுவரும் அம்மாவிடம் அவள் ஒரு கைப்பிடி இறால் வாங்கி வறுத்துவிட்டாள். ஷிஃப்ட் முடிந்து வந்த எனக்குத் தெருமுனையிலேயே வாசனை. தட்டோடு பிடுங்கி வாசலில் கொட்டினேன். "சாவறதுக்காடி துன்ற?" என்று நான் போட்ட கத்தலில் எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நாலே நாலுதான்யா..." என்றாள்.

அவள் போய்விடுவாளோ என்ற பயம்தான் எனக்கு. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், என்ன ஜென்மமோ. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. கஞ்சி குடித்தாள். பிறகு அதுவும் குமட்டுகிறது என்றாள். ஜாக்கெட்டை இரண்டு தரம் பிடித்துத் தைத்தாள். பார்த்தேன்தான். ஆனால் எடை மெஷின் முள் இருந்த இடத்திலேயே நின்றது, நான் அதை நம்பினேன்.

ஒரு காலையில் ஸ்டேஷன் படிக்கட்டில் அவள் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு டாக்டர் அவள் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார். வெறும் தோல்தான் கையோடு வந்தது.

"எடை குறையலியே சார்" என்றேன்.

"சதை கரைஞ்சிருக்குப்பா. அந்த இடத்துல தண்ணி நின்னு அதே எடையைக் காட்டுது. ஏம்மா, முட்டை, மீனெல்லாம் சாப்பிடறீங்களா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"அடக் கடவுளே! புரதத்தைக் குறைக்கிற பத்தியமெல்லாம் டயாலிசிஸுக்கு முன்னாடி. ஆரம்பிச்சப்புறம் புரதம் அதுலயே போயிடும், கூடுதலாத்தான் சாப்பிடணும். யாரு நிறுத்தச் சொன்னது?"

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. "எனக்கேதான் சார் புடிக்காம போச்சு" என்றாள். அந்த அறையில் நான் குறுகிப் போனேன். இவளைப் பட்டினி போட்டவன் நான், என்னைக் காப்பாற்றுகிறவள் இவள்.

எதை வாயில் வைத்தாலும் அவளுக்குக் குமட்டியது, அதனால்தான் ஒவ்வொரு டயாலிசிஸோடும் அந்தப் பை. அது ஏறுகிற நாலு மணி நேரமும் நான் உட்காரவில்லை. மணிக்கொரு தரம் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ஏறினாலும் ஆபத்து, சட்டென்று இறங்கினாலும் ஆபத்தாம். மெஷின் கீச்சிட்டால் எனக்கு உயிர் போய் வரும். அவளுக்கு ஒரு தரம் உடம்பு நடுங்கியதும் வார்டே அதிர நர்ஸைக் கூப்பிட்டேன். ஏசி குளிர்தான்ணா என்று இன்னொரு போர்வை போட்டாள்.

நாலாவது பையா, ஐந்தாவதா தெரியவில்லை, அது ஏறி முடிந்த பிறகு அவள் நர்ஸைக் கூப்பிட்டு, "பசிக்குதும்மா" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நர்ஸ் ஓடிப்போய் இட்லி வாங்கி வரச்செய்து, இலைப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தாள்.

அவள் ஒரு துண்டு பிட்டாள். வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள்.

"துன்னுமா" என்றேன். மறுபடி சொன்னேன். அவள் கை இறங்கிவிட்டது.

"அண்ணா, நீங்க செத்த வெளிய நில்லுங்க" என்றாள் நர்ஸ்.

போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் காலி இலையோடு வந்து, "எல்லாத்தையும் சாப்பிட்டாங்கண்ணா, உள்ள வாங்க" என்றாள். கதவில் கை வைத்தேன். தள்ளப் பயமாக இருந்தது.