பதினோரு ஆங்கிலச் சொற்களும் ஒரு குவாரி இறக்கமும்

ஞாயிறு, காலை 6.20. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை, சன்னலோரம். கீரனூர் வரை சீட்டு முப்பது ரூபாய். பையில் தண்ணீர், நோட்டு, இரண்டு பேனா, மடித்த தாள் ஒன்று. அந்தத் தாளில் பதினோரு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ஏறக்குறைய எல்லாமே கட்டுப்பாடு இழந்து வேகமாகப் போவதைத்தான் குறிக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்தப் பயணம்.

நான் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பவள். வெளிநாடு போகிறவர்களின் தாள்களை ஆங்கிலமாக்கி, உண்மையான மொழிபெயர்ப்பு என்று முத்திரையிட்டுக் கையெழுத்துப் போடுவது தொழில். போன வாரம் முருகேசன் என்பவர் வந்தார். முப்பத்து நான்கு வயது. குவாரியில் டிப்பர் ஓட்டியவர். இப்போது சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். வெளிநாட்டில் கனரக வாகன ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பம். படிவத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளில் விபத்து ஏதும் உண்டா, உண்டென்றால் விவரி என்று ஒரு கட்டம். இல்லை என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் உண்டு என்று எழுதியிருந்தார். கீழே தமிழில் ஒரே வரி: ‘இறக்கத்தில் வண்டி தறிகெட்டு ஓடியது.’

அந்த ஒரு வரியில் நான்கு நாள் நின்றுவிட்டேன். ‘ஸ்பீடிங்’ என்று போட்டால் ஓட்டியவர் மேல் பழி. ‘ரன்அவே’ என்றால் வண்டியே ஓடிப்போனதாகப் பொருள், ஓட்டியவர் தப்பித்துக்கொள்வார். ‘ஹர்ட்லிங்’ என்றால் எறிந்த கல்லைப் போல வந்தது. ‘கரீனிங்’ என்றால் பக்கவாட்டில் ஆடியபடி. எங்கோ ஒரு அலுவலகத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் சொல்லைப் படித்து இவருடைய வேலையை முடிவு செய்வார். தொலைபேசியில் கேட்டபோது, “வந்து எடத்தப் பாத்துருங்கக்கா, எனக்குச் சொல்லத் தெரியல” என்றார்.

6.55. மாத்தூர் தாண்டியதும் எங்கள் பேருந்து ஒரு வைக்கோல் லாரியை முந்தியது. எதிரே கார். முன்கம்பியைப் பிடித்த என் விரல்கள் வெளுத்துவிட்டன. பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

“பயப்படாதீங்க. இவரு டெய்லி இப்படித்தான் ஓட்டுவாரு.”

“அதுதான் பயமா இருக்கு” என்றேன்.

“அப்ப கண்ண மூடிக்கங்க. அவரும் அப்படித்தான் ஓட்டுறாரு.”

7.25. கீரனூர். முருகேசன் வண்டியோடு நின்றிருந்தார். தெற்கே பிரதான சாலையில் ஒன்பது கிலோமீட்டர்; தூரத்தில் நார்த்தாமலைக் குன்றுகள் தெரிந்தன. அங்கிருந்து இடப்புறம் குவாரிச் சாலை. மரமெல்லாம் வெள்ளைத் தூசி. ஞாயிறு என்பதால் வெடிச் சத்தமோ கிரஷர் சத்தமோ இல்லை. ஒரு சின்ன வளைவில் சாலை மேலேறத் தொடங்கியது. ஏற்றம் முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

“இங்கிட்டிருந்து எறக்கம். கீழ டீக்கடை. அங்கனதான் போய் நின்னுச்சு.”

நடந்தே இறங்கலாம் என்றேன். என் கணக்கில் அறுநூற்றுப் பன்னிரண்டு அடிகள் எடுத்துவைத்தேன். அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், காலை பதினோரு மணி. முழு லோடு ஜல்லி. அன்றைக்கு நான்காவது நடை. பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை.

“எந்த இடத்தில்?”

சிறு பாலத்தின் அருகே நின்று, இங்கே என்றார். நான் குறித்துக்கொண்டேன். இருபதடி நடந்ததும், “இல்ல, இன்னும் மேலன்னு நெனைக்கிறேன்” என்று திரும்பிப் பார்த்தார். நோட்டில் ‘பாலம்’ என்று எழுதியதை அடித்துவிட்டு, அருகில் கேள்விக்குறி போட்டேன். இடம் மாறினால் சொல்லும் மாறும்.

8.10. கடையை நெருங்கினோம். புதுக் கீற்று வேய்ந்த கொட்டகை. எதிர்ப்புறம் தண்ணீர்க் குழாய். குழாயருகே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நிறைந்த குடத்தோடு சாலையோரம் நின்றிருந்தார். சாலை இருபுறமும் வெறிச்சோடிக் கிடந்தது. ஆனாலும் அவர் தாண்டவில்லை. முருகேசன் ஓடிப்போய்க் குடத்தை வாங்கிக்கொண்டு, அவரைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்தார். அந்தப் பெண்ணின் இடது கால் கொஞ்சம் இழுத்தது. டீக்கடையை நடத்துபவர் இவர்தான்; பெயர் பஞ்சவர்ணம்.

“ஏன்டா, கொட்டாய மறுபடி இடிக்க வந்தியா? சொல்லிட்டு வந்தா சாமானெல்லாம் எடுத்து வச்சிருப்பேன்ல.”

“ஆமாத்தா, போன தடவ பாய்லரு தப்பிச்சிருச்சு” என்று சிரித்தார் முருகேசன். என்னிடம் மெல்ல, “கொட்டாய நாந்தான் போட்டுக் குடுத்தேன்” என்றார்.

தேநீர் வந்தது. அந்த நாளைப் பற்றிப் பஞ்சவர்ணத்திடம் கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல? அடுப்புக்கிட்ட நின்னேன். திரும்புறேன், மொகத்துக்கிட்ட வண்டி. கொட்டாயி விழுந்து கால் மேல மரம்.”

“தூரத்தில் வரும்போதே ஓடியிருக்கலாமே?”

“சத்தம் கேட்டாத்தானேம்மா ஓடுறதுக்கு? ஒண்ணுமே கேக்கல. காத்தடிச்ச மாதிரி லேசா ஒரு சரசரப்பு, அம்புட்டுதான்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. முழு லோடு ஏற்றிய டிப்பர் கியரில் இறங்கினால் அரை மைலுக்கு முன்பே உறுமல் கேட்கும். என் தாளை எடுத்துப் பார்த்தேன். பதினோரு சொல்லும் இரைச்சலான சொற்கள். சத்தமில்லாமல் வருவதற்கு அதில் ஒன்றுகூட இல்லை.

“முருகேசன், அன்னைக்கு வண்டி கியரில் இருந்ததா?”

அவர் கிளாசைப் பலகையில் வைத்தார். ஒரு ஈயை விரட்டினார்.

“நியூட்ரல்.”

“எந்த இடத்திலிருந்து?”

“உச்சியிலிருந்தே. சாவியவும் ஆஃப் பண்ணிட்டேன். டீசல் மிச்சம் புடிக்க இந்த எறக்கத்துல எல்லாரும் அப்படித்தாங்க்கா எறக்குவோம், கடை வர்றதுக்கு முன்னாடி மறுபடி ஸ்டார்ட் பண்ணிருவோம். அன்னைக்கு அதுக்குள்ள நாலஞ்சு தடவ பிரேக்க மிதிச்சேன், இன்ஜின் ஓடாததால பிரேக்குக்கான காத்து எறங்கிருச்சு. ஸ்டேரிங்கும் இறுகிருச்சு. அப்புறந்தான் அது என் கையில இல்ல.”

தறிகெட்டு என்று அவர் எழுதியது பொய்யில்லை. கீழ்ப்பாதிக்கு அது உண்மை. மேல்பாதியை அவர் இரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை.

பஞ்சவர்ணம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முருகேசனையே பார்த்தார்.

“அப்ப வண்டி சத்தம் போடலையா?”

“போடலத்தா.”

“எனக்குக் காது செத்துப்போச்சுன்னுல இத்தன நாளா நெனச்சேன். பெரியாஸ்பத்திரில ரெண்டு தடவ டெஸ்ட்டு எடுத்தேன்டா பாவி. கோளாறு இல்ல, கோளாறு இல்லன்னாங்க. நான்தான் நம்பல. ஆளு வராம ரோட்டத் தாண்டுறதில்ல. கால் வலிச்சாக்கூட ஒன்னய நெனைக்க மாட்டேன், எங் காதத்தான் நெனைப்பேன்.”

முருகேசன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். என்னிடம் அவர் கேட்டது: “அக்கா, இத எழுதுனா வேல கெடைக்குமா?”

“தெரியாது. கிடைக்காமலும் போகலாம்.”

“எழுதாம விட்டா?”

“நீங்க தமிழில் எழுதினதை மட்டும் மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போடுவேன். என் வேலை அதுதான்.” சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கை நீட்டி என் நோட்டை வாங்கினார். அதில் நான் படியெடுத்து வைத்திருந்த பழைய வரிக்கு மேலே இன்னொரு வரி எழுதினார்: ‘இறக்கத்தின் உச்சியில் கியரை எடுத்து இன்ஜினை அணைத்தது நான்.’

இந்த வரிக்கு ஆங்கிலத்தில் சொல் உண்டு. ‘கோஸ்டிங்’: இன்ஜின் இழுக்காமல் வண்டி தானே உருண்டு இறங்குவது. மெத்தென்ற சொல், குழந்தை சறுக்குமரத்தில் இறங்குவதற்குக்கூடப் பொருந்தும். என் தாளில் இல்லாத பன்னிரண்டாவதாக அதை எழுதினேன். அதற்கு அடுத்து வருவது ‘ரன்அவே’. இரண்டும் அந்த வரிசையில் இருந்தால்தான் அது அந்த இறக்கம்.

9.40. முருகேசன் மேலேயிருந்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்; கிளம்பினோம். வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். பஞ்சவர்ணம் காலிக் குடத்தோடு சாலையோரம் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்து மேட்டுப் பக்கம் காது கொடுத்தார். மறு பக்கமும் கொடுத்தார். பிறகு காலை இழுத்தபடி, யாரையும் கூப்பிடாமல், தனியாகக் குழாய்க்குப் போனார். முருகேசன் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஞ்சவர்ணம் குழாயைத் திறந்த பிறகுதான் சாவியைத் திருப்பினார்.

10.30. கீரனூரிலிருந்து திருச்சிப் பேருந்து. அதே முப்பது ரூபாய். நின்றுகொண்டுதான் வந்தேன். என் வீட்டு வாசலில் இரவு பகலாக வண்டிச் சத்தம். அதைக் குறைசொல்லி நாட்குறிப்பில் பல பக்கங்கள் எழுதியிருக்கிறேன். ஒரு மேம்பாலத்தில் பேருந்து ஏறியது. உச்சியைத் தாண்டியதும் ஓட்டுநரின் இடது கை கியர்க் கம்பியைத் தொட்டது. இன்ஜின் இரைச்சல் சட்டென்று தணிந்தது. தூங்கிக்கொண்டிருந்த யாரும் விழிக்கவில்லை. காற்றடித்த மாதிரி லேசாக ஒரு சரசரப்பு.

“அண்ணே, கியரைப் போடுங்க!” என்று கத்தியது நான்தான். முழுப் பேருந்தும் திரும்பிப் பார்த்தது.