சுவரில் மாட்டிய கரண்ட் பெட்டி

ராயபுரத்தில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர். பல்புக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் மாதாமாதம் வாங்கிக்கொள்வார். ஹார்பரில் மூட்டை தூக்கிய நைனா, கரண்ட் செலவைப் பாதியாகக் குறைக்கும் என்று ஒரு பெட்டியை வாங்கிவந்து மாட்டினார்.

"பல்புக்குத்தான நைனா துட்டு குடுக்கறோம்? மீட்டர் கொறஞ்சா வூட்டுக்காரருக்குத்தான லாபம்?" என்றேன்.

"பத்தாவது படிச்சிட்டா நைனாவுக்கே பாடம் நடத்துவியாம்மே?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள்.

அடுத்த மாதமும் வீட்டுக்காரர் அதே பணத்தைத்தான் கேட்டார். "பொட்டி புச்சு, இப்பத்தான மாட்டுனோம், பழக வேணாம்?" என்றார் நைனா. வாசலில் நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வரிசையில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். நான் சொன்னது சரி என்று சொல்ல அங்கே இன்னொருவர் இல்லை. உள்ளே போய்ச் சோற்றை வடித்தேன்.