புள்ளி மாறின எட்டுப் பக்கம்

சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று நான் திரும்பி வந்தபோது, எங்கடை முதல் சங்கீதப் புத்தகத்தின் எட்டுப் பக்கம் முந்நூறு தாளிலும் அடிச்சு முடிஞ்சு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேல் ஸ்தாயிச் சுரத்துக்குத் தலையில் இருக்கவேண்டிய புள்ளியெல்லாம் காலடியில் கிடந்தது. கீழ் ஸ்தாயிப் புள்ளி தலையில் ஏறியிருந்தது.

"செல்லத்துரை அண்ணை, உதென்ன கோலம்?" என்று கத்தினேன்.

அவர் காலால் மிதிச்சு அடிக்கிற அச்சு மிசின்காரர். மிசினை விட்டு இறங்காமலே சொன்னார்: "என்னைக் கேளாதை. மாஸ்ரர் திருத்தினவர். அடி எண்டார், அடிச்சன்."

1. நான் வேலைக்கு வந்த விதம்

காங்கேசன்துறைக் கப்பல் நின்று, இந்தியாவிலிருந்து சங்கீதப் புத்தகம் வராமல் போன பிறகுதான் மாஸ்ரர் இந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். அவர் வாய்ப்பாட்டு ஆசிரியர். திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு கார் கராச்சில் ஒரு பழைய மிசினும் எழுத்துப் பெட்டிகளும்தான் முழுப் பதிப்பகமும்.

நான் படிச்சது மூன்றாம் வகுப்பு. அதை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. எனக்கு முதல் அச்சுக் கோக்க வந்த இரண்டு பேரும் நல்லாய்ப் படிச்சவர்கள். அதுதான் கரைச்சல். மாஸ்ரர் 'சரிக' என்று எழுதிக் கொடுத்தால் அவர்களின் கை 'சரிகை' என்று கோக்கும். 'பாத' என்றால் 'பாதம்' ஆகும். நான் ஒவ்வொரு எழுத்தாய்ப் பார்த்து, கிடந்ததை மட்டும் கோத்தேன். ஏழு சுரம், மேலே ஒரு புள்ளி வரி, கீழே ஒரு புள்ளி வரி. ஒரு வருசம் அதுதான் என் சீவியம்.

2. திருத்தின கதை

நான் கோத்த பக்கங்களுக்குப் புறூவ் என்கிற சோதனைத் தாள் எடுத்து, மாஸ்ரரே பாடிப் பார்த்து, சரி என்று கையெழுத்தும் வைத்தாயிற்று. பிறகு ஏன் கோத்த ஈய எழுத்தில் கைவைக்கவேண்டும்? மாஸ்ரரிடமே நேராய்க் கேட்டேன்.

"நான் வந்து பார்க்கேக்கை மேல்புள்ளி எல்லாம் கீழை கிடந்தது பரமேசு. அச்சு எண்டால் கண்ணாடி மாதிரி. இடம் வலம் மாறும், மேல் கீழ் மாறாது. நீர் தெரியாமல் வைச்சிட்டீர் எண்டு நினைச்சு மாத்தினன்."

"கோத்த எழுத்து தலைகீழாய்த்தானே நிக்கும், மேல்புள்ளி கீழைதான் தெரியும். அதைக் காணேல்லையே?"

"நான் புள்ளியைத்தான் பார்த்தன்."

"கையெழுத்து வைச்ச புறூவ் பக்கத்திலைதானே கிடந்தது?"

மாஸ்ரர் காய்ந்த தாளை எடுத்து வாய்க்குள் பாடிப் பார்த்தார். ஏறவேண்டிய இடத்தில் குரல் கிணற்றுக்குள் இறங்கியது. செல்லத்துரை அண்ணை மிசினுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார்.

மறுபடி அடிக்க வெள்ளைத் தாள் இல்லை. ஊருக்குள் தாளே வராத காலம். மிச்சம் இருந்தது கோடு போட்ட கொப்பித் தாள்தான். அதை வெட்டி ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு துண்டு வைப்போம் என்றார் மாஸ்ரர். எழுதியும் தந்தார். மேல்புள்ளியைக் கீழாகவும் கீழ்ப்புள்ளியை மேலாகவும் கொள்க என்று இரண்டு வரி கோத்தேன். மூன்றாம் வரியில் என் கை நின்றது. 'அச்சுக் கோத்தவரின் தவறு.'

"மாஸ்ரர், இஞ்சை அச்சுக் கோக்கிறது ஆர்?"

"அது வழமைக்குப் போடுற வசனம் பரமேசு. ஆரும் கவனியாயினம்."

"கவனிப்பினம். எழுதப் படிக்கத் தெரியாதவளை வைச்சால் இப்பிடித்தான் எண்டு இந்தச் சந்தை முழுக்கக் கதைக்கும்."

"சங்கீத வாத்திக்குப் புள்ளி தெரியாது எண்டு வந்தால், நாளைக்கு ஆர் பிள்ளையளை என்னட்டை அனுப்புவினம்?"

"எனக்கும் ஒரு பேர் கிடக்கு. நான் உந்த வரியைக் கோக்கமாட்டன். வேணுமெண்டால் நீங்களே கோவுங்கோ." கையில் பிடித்து எழுத்தடுக்கிற இரும்புத் தட்டான ஸ்ரிக்கை அவர் கையில் வைத்துவிட்டு வாங்குப் பலகையில் இருந்தேன்.

மனிசன் ரோசக்காரர். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு தொடங்கினார். ஒரு எழுத்தைத் தேட மூன்று பெட்டி திறந்தார். வைத்தது சரிந்தது. சரிந்ததை நிமிர்த்த மற்றது விழுந்தது. நான் வெற்றிலை போட்டேன். உதவிக்கு எழும்பவில்லை. அரை மணித்தியாலத்தில் ஆறு எழுத்து. ஏழாவதை வைக்கப்போன கை அப்படியே நின்றது. ஸ்ரிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் குனிந்து பார்த்தார்.

"உதின்ரை தலை என்ரை பக்கம் எல்லே நிக்குது," என்றார்.

"ஓம். ஒரு வருசமாய் என்ரை பக்கமும் அப்பிடித்தான் நிண்டது."

மாஸ்ரர் பிறகு ஆறு எழுத்தையும் கொட்டிவிட்டு ஸ்ரிக்கை என்னிடம் நீட்டினார்.

"நீர் கோவும் பரமேசு."

"என்னத்தையெண்டு?"

"பதிப்பாசிரியரின் தவறு எண்டு."

இப்போது கொம்பியூட்டரில் புத்தகம் செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கையெழுத்து வைத்த புறூவுக்குப் பிறகு ஆர் தொட்டாலும், அவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும், இன்னொரு புறூவ் எடுக்காமல் அடிக்காதேங்கோ. தாள் வீணாகுது என்று சொல்வார்கள். சொல்லட்டும். எங்களுக்கு அன்றைக்குக் கொப்பித் தாளும் அருமைதான். எண்டாலும் அந்த மூன்றாம் வரிக்கு நான் இரண்டு புறூவ் எடுத்தேன்.